முகப்பில் எழுதிய பெயர்



2023 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் பொருநை நாட்டில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஆறும் குளமும் ஒன்றாயின. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஊர்கள் பல தீவுகளாயின. வெள்ளம் வடிந்து சில வாரங்கள் சென்றபின், பொறியியற் கல்லூரியிற் பயிலும் எங்கள் ஊர் மாணவி ஒருத்தி என் இல்லத்திற்கு வந்தாள். ஆற்றங்கரை ஊர்களில் முன்னாளில் வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறிற்று என்ற செய்தியைத் திரட்டுமாறு அவளுடைய பேராசிரியர் பணித்திருந்தார்.

"1992 ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றி நம் ஊர்ப் பெயரோடு சேர்த்து இணையத்தில் தேடிப் பார்த்தேன், ஐயா. ஒன்றும் அகப்படவில்லை. தங்களுக்கு ஏதேனும் நினைவிருக்கிறதா?" என்று கேட்டாள்.

எனக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாயின. 1992 நவம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது நான் இளம் ஆசிரியன். வெள்ளம் வடிந்த மறுவாரமே மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்றேன். சுவர்களிற் சேறு படிந்திருந்த கோட்டினை அளவுநாடா கொண்டு அளந்து குறிப்பேட்டில் எழுதினோம். எந்தத் தெருவில் எத்தனை அடி, எந்த வீட்டுத் திண்ணை மூழ்கியது, எந்தக் கோயிற்படி தப்பியது என்பனவெல்லாம் அதில் உண்டு. பின்னாளில் அக்குறிப்பு முழுவதும் பள்ளியின் இணையதளத்திலும் ஏறியது. தளத்தின் முகவரியை நானே சொல்லித் திறந்து காட்டினேன். அவள் அடிமுதல் முடிவரை படித்தாள். பின்பு தலை நிமிர்ந்து, "ஐயா, இது இருக்கிறது. ஆனால் இருப்பது யாருக்கும் தெரியாது" என்றாள்.

அந்தச் சொல் என் நெஞ்சைத் தைத்தது. அளந்தோம், எழுதினோம், உலகறியும் இடத்திலும் வைத்தோம். எனினும் டிசம்பர் 17 ஆம் நாள் இரவில், எந்தத் தெரு மூழ்கும், எந்தத் தெரு தப்பும் என்று அறிய விரும்பி ஒருவன் தேடியிருப்பானாயின், அவனுக்கு எங்கள் குறிப்பு கிடைத்திராது. ஒரு பொருளைக் காப்பது ஒரு கடமை. தேடுவோர் கையில் அது அகப்படுமாறு செய்வது மற்றொரு கடமை. முதற் கடமையைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்ததென்று நாங்கள் எண்ணியிருந்தோம். இணையதளத்தின் முகப்புப் பக்கத்தைத் தேடுபொறிகள் படிக்கும்படி அமைப்பது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கேட்பதற்குப் புதிதாகத் தோன்றினும், இதன் வரலாறு நம் ஆற்றங்கரையிற் பழையது.

சீவக சிந்தாமணியை 1887 ஆம் ஆண்டிற் பதிப்பித்தபின், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட முற்பட்டார். ஏட்டுப் பிரதிகளைத் தேடி அவர் நம் நெல்லைச் சீமைக்கு வந்தார். ஆழ்வார்திருநகரியில் இலட்சுமணக் கவிராயர் வீட்டில் இருந்த ஏடுகளை அவர் ஆராய்ந்தார். தேடிய நூல் அங்கே தென்படவில்லை. பிறகு கவிராயரின் மாமனார் வீட்டிலிருந்து வந்த கட்டு ஒன்றிற் பத்துப்பாட்டு இருந்தது. அப்போது தாம் அடைந்த மகிழ்ச்சியை ஐயர் தமது தன்வரலாற்று நூலாகிய 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். 1889 ஆம் ஆண்டில் பத்துப்பாட்டு அச்சேறியது.

இந்நிகழ்ச்சியை ஏடு தேடிய பெருமைக்கு எடுத்துக்காட்டாகவே நாம் வழக்கமாகக் கூறுகிறோம். இதனுள் வேறொரு பாடமும் அடங்கியிருக்கிறது. அந்த ஏடு எங்கும் போய்விடவில்லை; ஒரு வீட்டிற் பத்திரமாகவே இருந்தது. ஆயினும் எந்த வீட்டில் எந்த நூல் இருக்கிறதென்று கூறும் பட்டியல் நாட்டில் இல்லை. பல இடங்களிற் கட்டை அவிழ்த்து ஏடு ஏடாகப் புரட்டிய பின்னரே உள்ளே இருப்பது இன்னதென்று தெரியவரும். ஒரு நூலுக்காக ஒருவர் ஊர் ஊராக அலைய வேண்டியிருந்தது. அலைவதற்கு ஓர் ஐயர் வாய்க்காத நூல்கள் எத்தனை அழிந்தனவோ!

பொருளை அடைவதற்கு வழி வகுப்பதும் புலமையே என்பதை உணர்ந்தோர் நம்மிடையே இருந்தனர். பழைய நிகண்டுகள் பாட்டால் ஆனவை. அவற்றை மனப்பாடம் செய்தவனே வேண்டிய சொல்லை வேண்டிய பொழுது எடுக்க முடியும். வீரமாமுனிவர் எனப்படும் பெஸ்கி பாதிரியார் நம் வட்டாரத்துக் காமநாயக்கன்பட்டியிற் சில காலம் பணிபுரிந்தவர். அவர் 1732 ஆம் ஆண்டில் இயற்றிய சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளாக, சொற்களை அகர வரிசையில் நிறுத்தியது. பாட்டு மனப்பாடமில்லாதவனும் எழுத்து வரிசை தெரிந்தாற் சொல்லைக் கண்டுகொள்ளலாம் என்ற நிலை அதனால் வலுப்பெற்றது.

திருநெல்வேலி மாவட்டத்திற் பிறந்த பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை இவ்வழியில் மிக நெடுந்தொலைவு சென்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணியை 1926 ஆம் ஆண்டில் அவர் ஏற்றார். ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அதன் ஆறு தொகுதிகளும் 1936 ஆம் ஆண்டில் நிறைவெய்தின. சங்கப் பாடல்களைப் புலவர் வாரியாகத் தொகுத்து 1940 ஆம் ஆண்டில் ஒரு பதிப்பும் அவர் வெளியிட்டார். அதுவரை கபிலர் பாட்டுகள் அனைத்தையும் படிக்க விரும்பிய மாணவன் பல நூல்களைப் புரட்ட வேண்டும். அதன்பின் ஒரே இடத்தில் அவற்றைக் காணலானான். பாட்டுகள் பழையவையே, அவற்றுக்குச் செல்லும் வாயில்தான் புதியது.

இனி இணையத்திற்கு வருவோம். சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரின் அருகே உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கில அறிஞர் 1989 ஆம் ஆண்டில் வையவிரி வலைக்குத் திட்டம் வகுத்தார். 1991 ஆம் ஆண்டில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995 ஆகஸ்டு 15 ஆம் நாள் தொடங்கியது. பக்கங்கள் பெருகப் பெருக, ஏடு தேடிய ஐயரின் நிலையே உலகத்தாருக்கும் வந்தது. எது எங்கே இருக்கிறதென்று யாரறிவார்? அந்தக் குறையை நீக்கவே தேடுபொறிகள் தோன்றின. அல்டாவிஸ்டா 1995 ஆம் ஆண்டிலும், கூகுள் நிறுவனம் 1998 ஆம் ஆண்டிலும் தோன்றின.

தேடுபொறியைப் பற்றி மாணவரிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. நாம் கேட்ட நொடியில் அது உலகத்துப் பக்கங்களையெல்லாம் படித்துப் பார்த்து விடை கூறுகிறதென்று பலர் நினைக்கின்றனர். அவ்வாறன்று. அது மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவதாக, 'ரோபோ' எனப்படும் நிரல்களை அனுப்பி, பக்கம் பக்கமாகச் சென்று அங்குள்ளவற்றைப் படியெடுத்து வரச் செய்கிறது. இரண்டாவதாக, எச்சொல் எப்பக்கத்தில் உள்ளது என்று ஒரு பெரிய சொல்லடைவை ஆக்கி வைக்கிறது. மூன்றாவதாக, நாம் ஒரு சொல்லைக் கேட்கும்பொழுது, அந்த அடைவைப் பார்த்து, பொருத்தமானவற்றை முறைப்படுத்தித் தருகிறது. ஆகவே, ரோபோ எடுத்துச் செல்லாத சொல் அடைவில் ஏறாது. அடைவில் ஏறாத பக்கம், தேடுவோனைப் பொறுத்தவரை, இல்லாத பக்கமே.

அம்மாணவி எங்கள் தளத்தை ஆராய்ந்து மூன்று குறைகளைக் காட்டினாள். அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வரலாறு உண்டு.

முதற் குறை, முகப்புப் பக்கம் வெறுமையாய் இருந்தது. "வெறுமையா? படங்களும் செய்திகளும் நிறைந்திருக்கின்றனவே!" என்றேன். "நம் கண்ணுக்கு நிறைந்திருக்கிறது, ஐயா. வழங்கியிலிருந்து வரும் மூலத்தைப் பாருங்கள்" என்று அவள் பக்கத்தின் மூலத்தைத் திறந்து காட்டினாள். அதில் 'முகப்பு' என்ற ஒற்றைத் தலைப்பும், ஒரு நிரலை அழைக்கும் ஒற்றை வரியுமே இருந்தன. பள்ளியின் பெயர்கூட இல்லை.

இது எவ்வாறு நேர்ந்தது? தொடக்ககாலப் பக்கங்கள் நிலையானவை. காலையில் அவித்து வைத்த இட்டிலி போன்றவை அவை. கேட்டவர் எல்லாருக்கும் ஒன்றே கிடைக்கும். ஆனால் சில செய்திகள் நாள்தோறும் மாறுவன. பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைக் காட்டும் பக்கத்தை நாள்தோறும் ஒருவர் திருத்தி எழுதிக்கொண்டிருக்க இயலுமா? ஆதலால் செய்திகளைத் தரவுத்தளம் ஒன்றில் வைத்து, ஒருவர் கேட்கும்பொழுது நிரலே பக்கத்தை ஆக்கித் தரும் முறை வந்தது. கேட்டபின் வார்க்கும் தோசை போன்றது இது. இதனையே இயங்கு பக்கம் என்கிறோம். இதற்குப் பெரிதும் பயன்பட்ட பி.எச்.பி. என்னும் நிரல்மொழி 1995 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அடுக்களையிலே தோசையை வார்த்து இலையிற் பரிமாறினால், வந்தவர் யாராயினும் உண்டு செல்லலாம். ரோபோவும் அப்படியே. ஆனால் அதே 1995 ஆம் ஆண்டிற் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழி, சமையலையே விருந்தினரின் மேசைக்கு மாற்றிவிட்டது. மாவையும் அடுப்பையும் கொடுத்தனுப்பினால், படிப்பவரின் உலாவி தானே தோசை வார்த்துக்கொள்ளும். 2005 ஆம் ஆண்டுக்குப் பின் இம்முறை பெரிதும் பரவியது. பக்கம் விரைவாக இயங்கியது, பார்ப்பதற்கும் அழகாயிருந்தது. ஆயினும் அக்காலத்து ரோபோவுக்குச் சமைக்கத் தெரியாது. அது கொடுத்ததை எடுத்துக்கொண்டு போகும் விருந்தாளி. மாவை மட்டும் கண்டு, இங்கே உணவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.

இத்தொல்லையை நீக்கக் கூகுள் நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் ஒரு வழி சொன்னது. முகவரியில் ஒரு தனிக்குறியை இட்டால், ரோபோவுக்கென ஆயத்தமான பக்கத்தைத் தளத்தார் வழங்கலாம் என்பது அது. சிக்கலான அந்த வழியை 2015 ஆம் ஆண்டில் அந்நிறுவனமே கைவிட்டது. இதற்கிடையே 2014 ஆம் ஆண்டில், ஜாவாஸ்கிரிப்டை இயக்கிப் பார்த்தே பக்கங்களைப் படிக்க முயல்வதாக அறிவித்தது. இன்று அந்த ரோபோ ஓரளவு சமைக்கக் கற்றுவிட்டது. எனினும் அதற்கு நேரமும் செலவும் மிகுதி. வேறு பல ரோபோக்கள் இன்னும் அதனைச் செய்வதில்லை. நிரலிற் சிறு பிழை நேர்ந்தாலும் பக்கம் வெறுமையாகவே தோன்றும். ஆதலின் முகப்பைப் பொறுத்தவரை அடுக்களையிலே சமைத்துப் பரிமாறுவதே நன்று.

இரண்டாவது குறை தமிழுக்கே உரியது. வெள்ளக் குறிப்பு 2003 ஆம் ஆண்டளவிற் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சுச் செய்யப்பட்டது. தளத்தைப் புதுப்பித்தபோது அதனை அப்படியே எடுத்து வைத்துவிட்டனர். கண்ணுக்குத் தமிழாகவே தெரிந்தது. உள்ளேயோ ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கோவையே இருந்தது!

கணினி எழுத்தை எண்ணாகவே அறியும். எந்த எண் எந்த எழுத்து என்பதில் எல்லாரும் உடன்பட வேண்டும். தமிழ் இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் அந்த உடன்பாடு இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவை ஆக்கி, ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியது. நாளிதழ்கள் பல 'டைனமிக் ஃபான்ட்' என்ற முறையால் அந்த எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பின. படிப்பவருக்குத் தமிழ் தெரிந்தது. ஆனால் ரோபோ எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணையே படிக்கிறது. 'தாமிரபரணி' என்று அச்சானது ரோபோவின் கணக்கில் ஏதோ ஒரு பிதற்றலாயிற்று. தமிழில் தேடிய தமிழனுக்குத் தமிழ்ப் பக்கமே கிடைக்கவில்லை.

இக்குறையைத் தமிழர் உலகெங்கும் கூடி ஆராய்ந்தனர். 1997 ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும், 1999 ஆம் ஆண்டில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலானோர் மதுரைத் திட்டம் என்னும் பெயரில் தமிழ் நூல்களை மின்னூல்களாக்கும் தன்னார்வப் பணியைத் தொடங்கினர். உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறி என்னும் யூனிகோட் முறையில், 1991 ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆயினும் அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஆம் ஆண்டில், தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தர முறையாக ஏற்று ஆணையிட்டது. இன்று நீங்கள் கைப்பேசியில் எழுதும் தமிழ் எல்லாம் ஒருங்குறியே. ஆனால் அதற்கு முன் எழுதிக் குவித்த பக்கங்கள் பல, எங்கள் வெள்ளக் குறிப்பைப் போல, இன்னும் மாற்றப்படாமற் கிடக்கின்றன. அவை நம் காலத்து அவிழ்க்காத ஏட்டுக்கட்டுகள்.

மூன்றாவது குறை, முகப்பிலிருந்து உள்ளே செல்ல வழி இல்லாமை. எங்கள் தளத்திற் கட்டுரைகளைப் படிக்க வேண்டுமானால், ஒரு பெட்டியில் ஆண்டைத் தேர்ந்தெடுத்து, 'காட்டு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். மனிதர் அழுத்துவர். ரோபோவோ பெரும்பாலும் பெட்டியை நிரப்புவதில்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குச் செல்லும் இணைப்புகளையே பற்றிச் செல்கிறது.

நம் நாட்டு மாணவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். தாமிரபரணியில் அணைக்கட்டுகள் உண்டு. அவற்றிலிருந்து கன்னடியன் கால்வாய் முதலிய கால்வாய்கள் பிரிகின்றன. கால்வாய் ஒரு குளத்தை நிரப்பி, அங்கிருந்து அடுத்த குளத்திற்குப் போகிறது. இடையில் ஒரு மடை அடைபட்டால், ஆற்றில் எவ்வளவு வெள்ளம் சென்றாலும் கடைமடை வயல் காய்ந்தே கிடக்கும். முகப்புப் பக்கமே தலைமதகு, இணைப்புகளே கால்வாய்கள். எங்கள் தளத்திலோ தலைமதகிலிருந்து ஒரு வாய்க்காலும் வெட்டப்படவில்லை.

வாய்க்கால் இல்லாமை ஒரு குற்றமாயின், முடிவற்ற வாய்க்காலும் ஒரு குற்றமே. இயங்கு பக்கங்களில் ஒரு நாட்காட்டியை அமைத்து, 'அடுத்த திங்கள்' என்று ஓர் இணைப்பு வைத்தால், ரோபோ அடுத்த நூற்றாண்டுவரை நடந்துகொண்டே இருக்கும். ஒரே செய்தி பத்து முகவரிகளில் தோன்றினால், எது உண்மையான முகவரி என்று அது மயங்கும். இத்தகைய சுழல்களுக்கு அஞ்சியே பழைய தேடுபொறிகள் கேள்விக்குறி கலந்த நீண்ட முகவரிகளை ஒதுக்கிவந்தன. ரோபோ எங்கே வரலாம், எங்கே வரலாகாது என்று ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கும் மரபை மார்ட்டின் கோஸ்டர் என்பவர் 1994 ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். உள்ளே உள்ள பக்கங்களின் முகவரிகளையெல்லாம் பட்டியலிட்டுக் காட்டும் 'சைட்மேப்' முறையைக் கூகுள் நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. மறு ஆண்டே யாஹூவும் மைக்ரோசாஃப்டும் அதனை ஏற்றன. ஒரே செய்திக்குப் பல முகவரிகள் இருப்பின், முதன்மையானது இது என்று குறித்துக்காட்டும் வழியும் 2009 ஆம் ஆண்டில் வந்தது.

குறைகளை அறிந்தபின் மருந்து எளிதாயிற்று. அம்மாணவியும் அவளுடைய தோழியர் இருவரும் விடுமுறையில் வந்து தளத்தைச் செப்பஞ் செய்தனர். அவர்கள் செய்தவற்றை நீங்களும் குறித்துக்கொள்ளலாம்.

முதலில், முகப்புப் பக்கம் வழங்கியிலேயே முழுமையாக ஆக்கப்பட்டு, எழுத்துகளோடு வந்து சேருமாறு மாற்றினர். நாள்தோறும் மாறும் செய்திகளைச் சேர்க்கும் நிரல் அப்படியே இருக்கிறது. ஆனால் பள்ளி இன்னது, ஊர் இன்னது, உள்ளே இருப்பவை இன்னவை என்னும் அடிப்படைச் செய்திகளுக்கு அந்நிரல் இப்போது தேவையில்லை. 'முகப்பு' என்ற வெறுந்தலைப்பை நீக்கி, பள்ளியின் பெயரையும் ஊரையும் ஆற்றையும் தலைப்பில் எழுதினர். உலகத்துத் தளங்களுக்கெல்லாம் முகப்பு உண்டு. அச்சொல் எதனை அடையாளங் காட்டும்?

பின்பு, பழைய எழுத்துருவிலிருந்த கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றினர். மாற்றும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்புநோக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். படமாக ஒட்டியிருந்த தலைப்புகளை எழுத்தாக்கினர். ஒவ்வொரு புகைப்படத்திற்கும், அது யாது என்று கூறும் ஒரு வரியை உள்ளே சேர்த்தனர். பார்வையற்ற மாணவர் பயன்படுத்தும் திரைபடிப்பான் என்னும் கருவியும் இவ்வரியையே படிக்கிறது. ரோபோவுக்குச் செய்த உதவி மனிதருக்கும் உதவியாயிற்று.

அடுத்து, முகப்பில் எளிய இணைப்புகளை வைத்தனர். 'இங்கே அழுத்துக' என்று எழுதாமல், '1992 வெள்ளத்தில் எங்கள் ஊர்' என்று உட்பொருள் விளங்க எழுதினர். சைட்மேப் பட்டியலையும் சேர்த்தனர். ரோபோக்களுக்கான கோப்பைத் திறந்து, தவறுதலாக எதனையும் தடுக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டனர்.

பெயர்களைப் பற்றி நான் ஒரு யோசனை கூறினேன். நாம் திருநெல்வேலி என்கிறோம். நெல்லை என்றும் சொல்கிறோம். ஆற்றைத் தாமிரபரணி என்போம், தாமிரவருணி என்போம், பொருநை என்போம். தேடுவோர் எப்பெயராலும் தேடக்கூடும். எனவே கட்டுரையின் போக்கில் இயல்பாக இப்பெயர்களெல்லாம் வருமாறு எழுதினோம்.

இயல்பாக என்று கூறினேன். அச்சொல்லை நினைவிற் கொள்க. தேடுபொறியை ஏமாற்ற எண்ணிச் சிலர் ஒரு சொல்லையே நூறுமுறை அடுக்குவர். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தால் எழுதி மறைப்பாரும் உண்டு. ரோபோவுக்கு ஒரு பக்கத்தையும் மனிதருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டுவாரும் உண்டு. இவையெல்லாம் பொய். கண்டுபிடித்தால் தேடுபொறிகள் அத்தளங்களை அடைவிலிருந்தே நீக்குகின்றன. அதனினும் பெரிது, தேடி வந்தவனின் நம்பிக்கையைக் கெடுத்த பழி. மனிதருக்குச் சொல்வதையே ரோபோவுக்கும் சொல்க. அதனைத் தெளிவாகச் சொல்க. இத்துறையின் அறம் இவ்வளவே.

மற்றொன்றும் உண்டு. தேடுபொறிகளை நடத்துவன வணிக நிறுவனங்கள். எதனை முன்னே காட்டுவது, எதனைப் பின்னே தள்ளுவது என்பதை அவையே வகுக்கின்றன. நாம் எல்லாம் செய்தாலும் முதலிடம் கிடைக்குமென்ற உறுதி இல்லை. ஆனால் படிக்க முடியாத பக்கத்தை வைத்துக்கொண்டு அந்நிறுவனங்களை நோவது, முகவரி எழுதாத கடிதத்தைப் பெட்டியிற் போட்டுவிட்டு அஞ்சற்காரரை நோவது போன்றதாகும்.

உங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ ஊருக்கோ ஓர் இணையதளம் இருந்தால், இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவைத்து முகப்பைத் திறவுங்கள். பெயர் தெரிகிறதா? தமிழ் தமிழாக இருக்கிறதா? ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால், எழுத்து மாறாமல் நிற்கிறதா? உள்ளே செல்லும் இணைப்புகள் இருக்கின்றனவா? இந்நான்கு கேள்விகளுக்கும் ஆம் என்ற விடை வருமாயின், வாயில் திறந்திருக்கிறது என்று கொள்ளலாம். இல்லையாயின், உள்ளே எவ்வளவு செல்வம் இருந்தாலும் அது பூட்டிய வீட்டுப் பரணிற் கிடக்கும் ஏடே.

எங்கள் தளத்தைச் செப்பஞ் செய்த சில வாரங்களுக்குப் பின், அம்மாணவி மீண்டும் வந்தாள். ஊர்ப் பெயரையும் 1992 என்ற எண்ணையும் வெள்ளம் என்ற சொல்லையும் தன் கைப்பேசியில் இட்டுக் காட்டினாள். முப்பது ஆண்டுகளுக்கு முன் சேற்றுச் சுவரில் நாங்கள் அளந்த கணக்கு திரையில் வந்து நின்றது. அதன் கீழே புதிய வரிகள் சிலவும் இருந்தன. 2023 டிசம்பர் வெள்ளம் அதே தெருக்களில் எவ்வளவு ஏறிற்று என்பதை அவளும் தோழியரும் அளந்து எழுதியிருந்தனர்.

"அளவுநாடாவைச் சுவரில் எந்த இடத்திலிருந்து பிடித்தாய், அம்மா?" என்று கேட்டேன்.

"தாங்கள் எழுதியிருந்தபடியே, ஐயா. தெருவின் கல்லிலிருந்து" என்றாள்.

அடுத்து வெள்ளம் வருங்காலத்தில் யாரோ ஒருவர் அதனைத் தேடுவார். அவர் பெயரை நாம் அறியோம். ஆயினும் அவருக்கு வேண்டிய பெயர்களை முகப்பில் எழுதிவைத்திருக்கிறோம்.